பஸ்கா இரவும் கிறிஸ்தவர்களின் பந்தியும்

சென்னையிலும் வேறு சில நகரங்களிலும் சுயாதீன சபைகள் சில புனித வாரத்தில் ‘பஸ்கா விருந்து’ நடத்துகின்றன. மேசையில் புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை, உப்புநீர், திராட்சை ரசம் இருக்கும். போதகர் எபிரேயச் சொற்கள் சிலவற்றைச் சொல்லி, ஒவ்வொரு பண்டத்துக்கும் கிறிஸ்துவோடு பொருத்தம் காட்டுவார். இயேசு கடைசி இரவில் உண்டது இப்படித்தான் என்பார். இதற்கு நேர் எதிராக, பஸ்கா என்பது பழைய உடன்படிக்கையோடு முடிந்துபோன யூதப் பண்டிகை, நமக்கு அதில் பங்கில்லை என்பவர்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகளோ ஆண்டுக்கு ஒருமுறை, யூத மாதமான நிசான் 14ஆம் தேதி சூரியன் மறைந்தபின் மட்டும் இயேசுவின் மரணத்தை நினைவுகூருகிறார்கள். கத்தோலிக்கரைக் கேட்டால் பெரிய வியாழன் பூசையைக் காட்டுவார்கள், சி.எஸ்.ஐ. சபையார் திருவிருந்தைக் காட்டுவார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கிறிஸ்தவர்களிடம் அவர்களுக்கே உரிய பஸ்கா ஒன்று இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே அது சபைகளில் வேரூன்றிவிட்டது. அதன் வரலாற்றையும் பொருளையும் கைவிட்டுவிட்டதால்தான் சிலர் யூதர்களின் பண்டிகையை அப்படியே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், சிலர் பஸ்காவே வேண்டாம் என்கிறார்கள்.

முதலில் மூல நூலுக்கு வருவோம். யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் (கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயணம்) கோயிலையோ குருவையோ பற்றிப் பேசவில்லை. அதில் வருவது ஒரு வீடு. ஆண்டின் முதல் மாதத்தின் (நிசான்) பத்தாம் நாள் ஒரு வயதுக் கிடா, செம்மறியோ வெள்ளாடோ, பழுதற்றதாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்காம் நாள் மாலை அதை அடித்து, இரத்தத்தை ஈசோப்புக் கொத்தில் தோய்த்து நிலைக்கால்களிலும் மேல்சட்டத்திலும் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் சுட்டு, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்றிரவே உண்டு முடிக்க வேண்டும். எலும்பை முறிக்கக் கூடாது. விடியும்வரை எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் தடி என்று புறப்படத் தயாரானவர்களாகவே உண்ண வேண்டும். ஓர் ஆடு முழுவதையும் உண்ணும் அளவுக்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. இந்தச் சிறு விதியைப் பிரசங்கங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. அடிமைகள் விடுதலைபெறும் இரவில், ஒரு வீட்டால் முடியாததைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்து செய் என்பது எவ்வளவு பெரிய சொல்!

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. பஸ்கா ஆடு பாவநிவாரண பலி அன்று. லேவியராகமத்தின் பாவநிவாரண பலியைச் செலுத்தியவர் அதை உண்ண முடியாது; குருக்கள் உண்பார்கள், அல்லது எரித்துவிடுவார்கள். பஸ்கா ஆட்டையோ அந்த வீடே உண்கிறது, அதுதான் சடங்கின் நடுப்பகுதி. அந்த இரத்தம் சாவைத் தடுத்து நிறுத்துகிறது, அந்த உணவு ஓர் இனத்தைப் பயணத்துக்குத் தயாராக்குகிறது. பின்னால் கிறிஸ்தவர்கள் பஸ்காவின் பொருளைப் பாவமன்னிப்போடு இணைத்தார்கள். யோவான் நற்செய்தி உலகின் பாவத்தைச் சுமக்கும் ஆட்டுக்குட்டி என்று இயேசுவைச் சுட்டும்போது அந்த இணைப்புக்கு அடித்தளம் இருக்கிறது. ஆனால் இரத்தம் என்றவுடன் தண்டனைக் கணக்கை மட்டும் பேசி, பார்வோனையும் செங்கல் சூளையையும் மறந்துவிடும் பிரசங்கம் பஸ்காவைப் பாதியாக அறுத்துவிடுகிறது.

வீட்டுப் பண்டிகை காலப்போக்கில் கோயில் பண்டிகையானது. உபாகமம் 16ஆம் அதிகாரம் கர்த்தர் தெரிந்துகொள்ளும் இடத்தில் மட்டுமே பஸ்காவை அடிக்க வேண்டும் என்கிறது. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் யோசியா அரசன் அதை எருசலேமில் நடத்தியதை 2 இராஜாக்கள் 23 விவரிக்கிறது. ஆனால் எல்லா யூதர்களும் எருசலேமில் இருக்கவில்லை. நைல் நதியின் யானைத்தீவில் (எலிஃபண்டைன்) பாரசீகப் பேரரசுக்காகக் காவல் இருந்த யூதப் படையினருக்குக் கி.மு. 419இல் வந்த அரமேய மடல் ஒன்று சிதைந்த நிலையில் கிடைத்திருக்கிறது. நிசான் 15 முதல் 21 வரை தூய்மை காக்கவும் புளிப்பை விலக்கவும் அது சொல்கிறது. எகிப்தைவிட்டு வெளியேறியதைக் கொண்டாடும் நாட்களை எகிப்திலேயே கூலிப்படையாக வாழ்ந்தவர்கள் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

இயேசுவின் காலத்தில் பஸ்கா எப்படி இருந்தது என்பதற்கு யூத மரபின் மிஷ்னா நூல் ஒரு சித்திரம் தருகிறது. ஆலய முற்றத்துக்குள் மக்கள் மூன்று தொகுதிகளாக விடப்படுவார்கள். ஒரு தொகுதி நிறைந்ததும் கதவுகள் மூடப்படும். ஆடுகளைக் கொண்டுவந்தவர்களே அறுப்பார்கள். வெள்ளிக் கிண்ணங்களோடு ஒரு வரிசை, பொற்கிண்ணங்களோடு ஒரு வரிசை எனக் குருக்கள் நிற்பார்கள்; இரத்தம் ஏந்திய கிண்ணம் கை மாறி மாறிப் பலிபீடம் போகும், காலிக் கிண்ணம் திரும்பி வரும். லேவியர் அல்லேல் சங்கீதங்களைப் பாடிக்கொண்டிருப்பார்கள். பின்பு ஆட்டைத் தோலுரித்து வீட்டுக்கு எடுத்துப்போய், மாதுளங்கம்பில் கோத்துச் சுடுவார்கள். ஒரு பஸ்காவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் அறுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அது மிகைதான். பத்தில் ஒரு பங்கு என்று கொண்டாலும், அந்தப் பிற்பகலில் நகரம் முழுக்க இரத்த வாடையும் சுட்ட இறைச்சியின் மணமும் நிறைந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இன்று அதன் சாயலைப் பார்க்க வேண்டுமானால் நாப்லுஸ் நகரை அடுத்த கெரிசீம் மலைக்குப் போக வேண்டும். எண்ணூற்றுச் சொச்சம் பேரே எஞ்சியிருக்கும் சமாரியர்கள் அங்கே இன்றும் பஸ்கா ஆடுகளைப் பலியிடுகிறார்கள். வெள்ளுடை அணிந்த ஆண்கள் மாலையில் கூடுவார்கள். தரையில் தோண்டிய ஆழமான குழி அடுப்புகளில் தணல் தகதகக்கும். நீண்ட கம்புகளில் கோத்த ஆடுகளை அதில் இறக்கி, வாயை மூடிச் சேறு பூசிவிடுவார்கள். நள்ளிரவு வாக்கில் திறந்து அவசர அவசரமாக உண்பார்கள். எருசலேம் ஆலயத்தை அவர்கள் என்றுமே ஏற்கவில்லை. அதனால் அதன் அழிவு அவர்கள் பஸ்காவைத் தொடவும் இல்லை.

இயேசுவின் கடைசி விருந்து பஸ்கா விருந்துதானா? மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஆம் என்கிறார்கள். பஸ்காவை அடிக்கும் நாளில் சீடர்கள் ஆயத்தம் செய்கிறார்கள், இரவில் விருந்து நடக்கிறது. யோவான் நற்செய்தியிலோ இயேசு கைதாகி விசாரிக்கப்படும்போது பஸ்கா இன்னும் உண்ணப்படவில்லை. பஸ்கா விருந்தை உண்ண முடியாதபடி தீட்டாகிவிடுவோமோ என்று அஞ்சித்தான் குற்றம் சாட்டியவர்கள் பிலாத்துவின் மாளிகைக்குள் போகவில்லை. ஆலயத்தில் ஆடுகள் அறுக்கப்படும் வேளைக்கு நெருக்கமாக இயேசு சிலுவையில் சாகிறார். அவர் எலும்பு முறிக்கப்படாததை யோவான் குறிப்பாகச் சொல்கிறார். ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ், 1935இல் வெளியான தம் நூலில் அது பஸ்கா விருந்தே என்று நிறுவ முயன்றார். பிரெஞ்சு அறிஞர் அன்னி ஜோபேர், இயேசு கும்ரானில் வாழ்ந்த யூதப் பிரிவினரின் நாட்காட்டியைப் பின்பற்றி முன்கூட்டியே பஸ்கா உண்டிருக்கலாம் என்று 1957இல் வாதிட்டார். எந்தத் தீர்வும் முழுதாக நிலைக்கவில்லை. யோவானின் காலக்கணக்கே நடந்ததற்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஒரு பெரும் திருநாளின் இரவில் ஆலோசனைச் சங்கத்தைக் கூட்டி விசாரித்தார்கள் என்பதை நம்புவது கடினம்.

ஆனால் நம் கேள்விக்குத் தேதியைவிட முக்கியமானது, நான்கு நற்செய்தியாளர்களும் அந்த இரவைப் பஸ்காவின் ஒளியில்தான் பார்த்தார்கள் என்பது. இன்னொன்றும் முக்கியம். விருந்தைப் பஸ்கா என்று அழைக்கும் மூன்று நற்செய்திகளும் மேசையில் ஆட்டிறைச்சி இருந்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பமும் கிண்ணமும் மட்டுமே பேசப்படுகின்றன. பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது, நம் பஸ்காவாகிய கிறிஸ்து பலியிடப்பட்டாயிற்று என்கிறார்; ஆகையால் பண்டிகை கொண்டாடுவோம் என்று அடுத்த வரியிலேயே அழைக்கிறார். இது கி.பி. 50களின் நடுப்பகுதி. எருசலேம் ஆலயம் அப்போது நின்றுகொண்டிருந்தது. கிறிஸ்தவ பஸ்காவின் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான்.

கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை எரித்தது. பலியிட இடமில்லாமல் போனபோது ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளைப்போல யூதமும் கிறிஸ்தவமும் தத்தம் வழியில் பஸ்காவைக் காப்பாற்றிக்கொண்டன. யூத ரபிகள் அதை மீண்டும் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு கிண்ணம், பிள்ளையின் கேள்விகள், தகப்பன் சொல்லும் கதை, ஆடு – புளிப்பில்லா அப்பம் – கசப்புக் கீரை ஆகிய மூன்றையும் விளக்கியே ஆகவேண்டும் என்ற ரபான் கமாலியேலின் விதி, எல்லாம் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் இருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து வெளிவந்ததாக எண்ண வேண்டும் என்ற போதனையும் அங்கேதான். யூதர்களின் இன்றைய பஸ்கா இரவு விருந்தான செடெரின் ஹகாதா என்ற சடங்கு நூல் இதற்கும் பல நூற்றாண்டு கழித்தே முழு வடிவம் பெற்றது. அதன் சில பகுதிகள் கிறிஸ்தவர்களின் பஸ்கா விளக்கத்துக்கு மறுமொழியாக உருவானவை என்று இஸ்ரேல் யுவல் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள்.

ஆகவே இன்றைய செடெர் மேசையைக் காட்டி இயேசு இப்படித்தான் உண்டார் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர் காலத்துப் பஸ்கா ஆலயமும் ஆடும் சார்ந்தது. செடெரோ ஆலயத்தை இழந்த ஒரு மக்கள், கிறிஸ்து இல்லாமல், சில வேளை கிறிஸ்தவர்களின் கொடுமைக்கு நடுவே, உயிரைக் கொடுத்துக் காத்த வழிபாடு.

கிறிஸ்தவர்களின் வழி எது? இரண்டாம் நூற்றாண்டுச் சான்றுகளைப் பார்த்தால் அது நோன்பும் விழிப்பும் கூடிய ஓர் இரவு. ‘அப்போஸ்தலர்களின் மடல்’ என்ற பழைய நூல், சேவல் கூவும்வரை விழித்திருந்து பின் அன்பின் விருந்து உண்டதைக் காட்டுகிறது. சிறிய ஆசியாவின் சபைகள் யூதர்கள் கணக்கிடும் நிசான் 14இலேயே, அது எந்தக் கிழமையானாலும், கொண்டாடின. ரோமும் வேறு பல சபைகளும் அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டன. சுமார் 155இல் ஸ்மிர்னாவின் ஆயர் பொலிகார்ப், முதிர்ந்த வயதில் ரோமுக்கு வந்து ஆயர் அனிசேத்துஸைச் சந்தித்தார். இருவரும் இதைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் மற்றவரை மாற்ற முடியவில்லை. அனிசேத்துஸ் தம் ஆலயத்தில் நற்கருணையை நிறைவேற்றும் மரியாதையைப் பொலிகார்ப்புக்குக் கொடுத்தார். இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள்.

அடுத்த தலைமுறை அவ்வளவு பெருந்தன்மையோடு இல்லை. சுமார் 190இல் ரோம ஆயர் விக்டர், நிசான் 14ஐக் கடைப்பிடித்த ஆசியச் சபைகளை ஒட்டுமொத்தமாக விலக்க முனைந்தார். எபேசுவின் பொலிக்கிராத்தேஸ் அசையவில்லை. தம் உறவினர் ஏழு பேர் ஆயர்கள், தாம் எட்டாவது. எல்லோரும் யூத மக்கள் புளிப்பை அகற்றும் நாளையே கடைப்பிடித்தார்கள் என்று பதில் எழுதினார். இடையில் புகுந்து அமைதி பேசியவர் லியோன் நகரின் இரேனேயுஸ். நோன்பைச் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் இருக்கிறார்கள். இந்த வேறுபாடு நம் காலத்தில் தொடங்கியதல்ல, அது நம் விசுவாச ஒற்றுமையைக் குலைக்கவும் இல்லை என்றார். தேதிக்காக இன்று ஒருவரையொருவர் சபிக்கும் யூடியூப் போதகர்கள் எல்லோருக்கும் இந்த ஒரு மடலை வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

325இல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கத்தில் எல்லோரும் ஒரே ஞாயிறு என்று முடிவானது. வசந்தகாலச் சம இரவு நாளுக்குப் பின்வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்ற கணக்கு மெல்ல நிலைத்தது. யூத நாட்காட்டி தன் கூடுதல் மாதத்தால் நகரும்போது இரண்டும் வெகுவாக விலகிவிடுவதும் உண்டு: 2024இல் மேலைச் சபைகளின் ஈஸ்டர் மார்ச் 31, யூதர்களின் பஸ்கா ஏப்ரல் 22 மாலை. தேதியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எந்த நாளானாலும் மனசாட்சியோடு கொண்டாடலாம்.

சொல்ல வேண்டியது அந்த முடிவோடு சேர்ந்து வந்த கசப்பை. யூதர்களின் வழக்கத்தைப் பின்பற்றுவது தகாது, அந்தப் பகைமக்களோடு நமக்கு எதுவும் பொதுவாக இருக்கக் கூடாது என்ற தொனியில் பேரரசர் கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு எழுதினார். நான்காம் நூற்றாண்டின் லவோதிக்கேயா சங்கம், யூதர்கள் கொடுக்கும் புளிப்பில்லா அப்பத்தை வாங்கக் கூடாதென்று விதித்தது. அப்படித் தடைபோட வேண்டியிருந்தது என்றால், அப்பம் வீடு மாறிப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். சாதாரணக் கிறிஸ்தவர்களும் யூதர்களும் அதுவரை அண்டை வீட்டாராகத்தான் இருந்தார்கள். 386, 387 ஆண்டுகளில் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் யூதத் திருநாட்களுக்குப் போன கிறிஸ்தவர்களைத் தடுக்க ஆற்றிய உரைகளில் யூதர்களைப் பற்றி அவர் பயன்படுத்திய சொற்களை இங்கே திருப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. சர்தையின் மெலித்தோ இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய ‘பஸ்காவைப் பற்றி’ என்ற உரை, 1940இல் காம்பெல் பானர் ஒரு பாப்பிரஸிலிருந்து பதிப்பித்ததால் நமக்குத் தெரியவந்தது. யாத்திராகமத்தைக் கிறிஸ்துவின் ஒளியில் விளக்குவதில் அதன் அழகு ஒப்பற்றது. அதே உரையின் பின்பகுதியில் கடவுளைக் கொன்ற குற்றம் இஸ்ரவேல் முழுவதன்மேலும் சுமத்தப்படுகிறது. கிறிஸ்தவ பஸ்காவின் முதல் பெரும் இலக்கியத்திலேயே மருந்தும் நஞ்சும் சேர்ந்து இருக்கின்றன.

நஞ்சு வேலை செய்தது. 1144இல் இங்கிலாந்தின் நாரிச்சில் வில்லியம் என்ற சிறுவன் இறந்தபோது பழி யூதர்கள்மேல் போடப்பட்டது. பின்னாளில் பஸ்கா அப்பத்துக்குக் கிறிஸ்தவக் குழந்தையின் இரத்தம் கலக்கிறார்கள் என்ற பொய்யாக அது வளர்ந்தது. இரத்தம் உண்பதையே திருச்சட்டம் தடுக்கும் மக்களைப் பார்த்து இப்படிச் சொன்னார்கள்! 1475இல் இத்தாலியின் டிரென்ட்டில் சிமோன் என்ற குழந்தையின் சாவை வைத்து யூதர்கள் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைக்கு எழுந்த பக்தியைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் நிறுத்தியது. 1903இல் கிஷினேவ் நகரத்துக் கலவரம் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கியது. 49 யூதர்கள் மாண்டார்கள். அங்கும் தூண்டுகோல் இதே இரத்தப் பழிதான். பல நூற்றாண்டுகளாக யூதக் குடும்பங்கள் செடெர் இரவில் கதவுக்கு அப்பால் கிறிஸ்தவர்களின் காலடி ஓசைக்கு அஞ்சியே இருந்திருக்கின்றன.

இந்த வரலாறு தெரிந்தபின், சபை மண்டபத்தில் செடெர் மேசை போட்டு, அவர்களின் ஒவ்வொரு பண்டத்துக்கும் நம் விளக்கத்தை ஒட்டவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவரின் பண்டிகையை வெறுத்து ஒடுக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அதையே எடுத்து, இதன் உண்மைப் பொருள் உங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்வது அன்பாகாது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு 1988இலேயே இதை எச்சரித்திருக்கிறது: செடெரைப் புதிய ஏற்பாட்டு வாசகங்களால் முடித்து அதைக் கிறிஸ்தவமாக்கக் கூடாது, யூதச் சடங்கு அதன் முழுமையோடு மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். யாத்திராகமமே விருத்தசேதனமில்லாதவன் பஸ்காவை உண்ணலாகாது என்று சொல்வதையும் நினைத்துக்கொள்ளலாம். யூத நண்பர் யாராவது தம் வீட்டு செடெருக்கு அழைத்தால் விருந்தினராகப் போய், வாய்மூடிக் கேட்டுவருவது வேறு. அது பெரும் பேறு. எகிப்தியர் கடலில் மூழ்கியபோது பாட முனைந்த தேவதூதர்களைக் கடவுள் தடுத்தார், மூழ்கியவர்களும் அவர் கைப்படைப்பே என்றார் என்று தல்மூத் சொல்லும் கதையை அந்த மேசையில் அவர்கள் வாயால் கேட்க வேண்டும்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் எதைக் கடைப்பிடிப்பது? கையில் இருப்பதைத்தான். பெரிய வியாழன் மாலையிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுவரை ஒரே பஸ்கா. பழைய சபைக்கு அது தனித்தனித் திருநாட்கள் அல்ல. சாவையும் உயிர்ப்பையும் ஒரே இரவில் கடந்தார்கள். திருமுழுக்குக்கு மிக ஏற்ற நாள் பஸ்காவே என்று மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் எழுதினார். தண்ணீரைக் கடந்து அடிமைத்தனத்தைவிட்டு வெளியேறிய மக்களின் கதையை அவர்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கற்றார்கள். ரோமத் திருச்சபையில் இந்த இரவு வழிபாடு காலப்போக்கில் சனிக்கிழமைக் காலைக்குத் தள்ளப்பட்டு உயிரிழந்து கிடந்தது. 1951இல் பன்னிரண்டாம் பயஸ் அதை இரவுக்கே மீட்டார். இன்று அந்தத் திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. நேரம் கருதிச் சிலவற்றை விடலாம். ஆனால் செங்கடலைக் கடந்ததைச் சொல்லும் யாத்திராகமம் 14ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாதென்பது விதி. பங்குகளில் பதினோரு மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்குள் முடிக்கும் அவசரத்தில் இந்த வாசகங்கள் விழுங்கப்படுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இந்த இரவே இல்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையிலிருந்து ஞாயிறு அதிகாலைக்குத் தாவிவிடுகிறார்கள். அவர்களும் சனி இரவு கூடி விளக்கேற்றி, படைப்பு முதல் கடல் கடந்தது வரை வேதத்தை நிதானமாக வாசிப்பதில் எந்தக் கோட்பாட்டுச் சிக்கலும் இல்லை.

வீட்டுக்கும் ஒரு பங்கு வேண்டும், பஸ்கா பிறந்ததே வீட்டில் என்பதால். இதற்கு நம் அருகிலேயே ஒரு மரபு இருக்கிறது. கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் பெசஹா அப்பம் செய்கிறார்கள். அன்றாட அப்பத்துக்குக் கள்ளோ ஈஸ்ட்டோ சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். இதற்கு அது கிடையாது. அரிசி மாவும் அரைத்த உளுந்தும், தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகமும் கலந்து உடனே ஆவியில் வேகவைப்பார்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைக் கிள்ளிச் சிலுவையாக மேலே பதிப்பார்கள். தேங்காய்ப்பாலில் வெல்லமும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சிய பெசஹாப் பால் பக்கத்தில் இருக்கும். கோயிலிலிருந்து திரும்பியதும் செபம், வேத வாசகம். வீட்டுப் பெரியவர் அப்பத்தைப் பிட்டு மூத்தவர் தொடங்கி இளையவர் வரை கொடுப்பார். அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டில் இதைச் செய்வதில்லை. உறவினரும் அண்டை வீட்டாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாரிடமிருந்தும் பறிக்காமல், எந்த மேடை வெளிச்சமும் இல்லாமல், ஒரு சமூகம் தன் அரிசியிலும் தேங்காயிலும் கட்டிக்காத்த கிறிஸ்தவ பஸ்கா இது. யாத்திராகமத்தின் ‘அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்’ இதில் உயிரோடு இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களும் பெரிய வியாழன் இரவில் தங்கள் வீட்டுப் பண்டத்தைப் பிட்டுப் பகிர்ந்து, கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கலாம். அதற்கு எபிரேயச் சொல் ஒன்றும் தேவையில்லை.

தமிழ்ப் பகுதிகளில் தவக்காலத்தில் நடக்கும் பாஸ்கா நாடகங்களுக்கும் ஒரு வார்த்தை. இயேசுவின் பாடுகளைக் கண்முன் நிறுத்தும் இந்தக் கலையைப் போற்றுகிறேன். ஆனால் யூதரைக் கொடூரக் கூட்டமாகக் காட்டும் காட்சிகளைத் திருத்தும் பொறுப்பு நமக்கும் உண்டு. இயேசுவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர்கள் எல்லோர்மேலும், இன்றைய யூதர்கள்மேலும் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்துவிட்டது. 1634இலிருந்து பாடுகளின் நாடகத்தை நடத்திவரும் ஜெர்மனியின் ஓபராமர்காவ் ஊரார், ஹிட்லரே வந்து பாராட்டிய தங்கள் பிரதியை அண்மைப் பத்தாண்டுகளில் பெரிதும் மாற்றி எழுதினார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாததல்ல.

கடைசியாகப் பவுலின் புளித்த மாவு. கொரிந்தியருக்கு எழுதும்போது பழைய புளிப்பைப் புறம்பே தள்ளச் சொன்னவர், அதே மடலின் 11ஆம் அதிகாரத்தில் அவர்களின் பந்தியை வைத்துக் கடுமையாகக் கடிந்துகொள்கிறார். அங்கே நடந்தது இதுதான்: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்துவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அப்படி உண்பது கர்த்தரின் விருந்தே அல்ல என்கிறார். யூத மரபிலும் இதே அக்கறை இருக்கிறது. இஸ்ரவேலின் மிக ஏழைக்கும் பஸ்கா இரவில் சாய்ந்து அமர்ந்து உண்ண இடமும் நான்கு கிண்ணமும் கிடைக்க வேண்டும், தர்மக் கஞ்சியில் வாழ்பவனானாலும் சரி என்கிறது மிஷ்னா. நம் ஊரில் அந்தப் பந்தி என்ன ஆயிற்று என்பதற்குச் சான்றுகள் ஏராளம். தஞ்சாவூர், வேப்பேரிச் சபைகளில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் தனியே அமர்ந்து, தலித் கிறிஸ்தவர்களோடு ஒரே கிண்ணத்தில் பருகமாட்டோம் என்றார்கள். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது பலர் சபையைவிட்டே போனார்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி நடுவே சுவர் இருந்தது. பீடம் மட்டும் இரு பக்கத்துக்கும் தெரிந்தது. 1910இல்தான் சுவர் இடிந்தது. இன்னும் இடியாமல் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் சுவர்களை அறியாதவர் யாரும் இல்லை.

யூத வீடுகளில் பஸ்காவுக்கு முந்தின இரவு விளக்கோடு மூலை முடுக்கெல்லாம் தேடிப் புளிப்பை எடுத்து, மறுநாள் காலையில் எரித்துவிடுவார்கள். சபைக் கமிட்டிகளும் பங்குப் பேரவைகளும் பெரிய வியாழனுக்கு முன் ஒருநாள் கூடி, தங்கள் கல்லறைத் தோட்டம், திருவிழாத் தேர் வரும் தெரு, பீடப்பணிக்கும் பாடகர் குழுவுக்கும் சேர்க்கும் பிள்ளைகளின் பட்டியல் ஆகிய மூன்றையும் எடுத்துவைத்து, யார் விலக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பேசட்டும். தீர்மானம் எழுதி, விலக்கப்பட்டவர்களை அந்த ஆண்டின் பாதம் கழுவும் சடங்குக்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய் அழைத்துவரட்டும். செங்கடல் வாசகத்தைத் திருவிழிப்பில் வாசிக்கும் பொறுப்பையும் அவர்களிடமே கொடுக்கட்டும்.